துறை மெயிலிலிருந்து பொது மெயிலுக்கு: வாசகர் கேள்வி – பதில்

துறைக்கொரு சர்வர் வைத்துத் தனித்தனியே மெயில் நடத்திவந்த பல்கலைக்கழகங்கள் இப்போது எல்லாத் துறைகளையும் ஒரே பொது மெயிலுக்குக் கொண்டுவருகின்றன. டெல்டா மாவட்ட வாசகர்கள் இது பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: துறை சர்வரை மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டுப் பொது மெயிலுக்கு மாறச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பதினைந்து வருடக் கடிதங்கள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?
– துறை அலுவலகக் கண்காணிப்பாளர், தஞ்சாவூர்

பதில்: கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு நீள நோட்டை எடுத்து, துறையின் பெயரில் உள்ள முகவரிகள் அத்தனையையும் எழுதுங்கள். ஆசிரியர், ஊழியர் முகவரிகள் யாருக்கும் மறக்காது. விட்டுப்போவது வேறு வகை. துறைத்தலைவர், அலுவலகம், தேர்வுப் பிரிவு என்று பதவியின் பெயரில் இருப்பவை. ‘அனைத்து ஆசிரியர்’, ‘ஆய்வு மாணவர்’ போன்ற குழு முகவரிகள். ஓய்வு பெற்றவர் பெயருக்கு வந்து இன்னொருவருக்குத் திருப்பிவிடப்படுபவை. எப்போதோ ஒரு கருத்தரங்குக்காகத் திறந்து, இன்னமும் கடிதம் வந்துகொண்டிருப்பவை. சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் முகவரிப் பட்டியலையும் ஏலியாஸ் (வேறொரு பெட்டியில் போய் விழும் மாற்று முகவரி) பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். கடைசி 90 நாளில் எந்தெந்த முகவரிக்குக் கடிதம் வந்தது என்று சர்வரின் லாக் என்ற பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் யாருக்கும் நினைவில்லாத நாலைந்து முகவரியாவது அகப்படும்.

ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே மூன்று விவரம் எழுதுங்கள்: யார் பார்க்கிறார், எத்தனை ஜிபி இருக்கிறது, கடிதத்தை எடுப்பது பாப் முறையிலா ஐமேப் முறையிலா. மூன்றாவதை விட்டுவிட்டால்தான் பின்னால் பெரிய இழப்பு. ஐமேப்பில் கடிதம் சர்வரில் இருக்கும். கம்ப்யூட்டரில் தெரிவது அதன் பிரதி. பாப் அப்படியில்லை. தபால் நிலையத்துக்குப் போய்க் கடிதத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட கதை. ‘சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால் ஒழிய, அங்கே எதுவும் மிஞ்சாது. டிக் போட்டிருந்தாலும் நீங்கள் அனுப்பிய கடிதங்கள் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். பாப்பில் இருந்தவரின் சர்வர் கணக்கை மட்டும் கணினி மையம் நகல் எடுத்தால், புதுப் பெட்டியில் விரல்விட்டு எண்ணும் கடிதம்தான் வந்து சேரும்.

எந்த முறை என்று கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் மெயில் பார்க்கும் மென்பொருளில், அதாவது அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ, அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குப் போய், உள்வரும் சர்வரின் போர்ட் எண்ணைப் பாருங்கள். 995 அல்லது 110 என்றால் பாப். 993 அல்லது 143 என்றால் ஐமேப். பாப் என்று தெரிந்த கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மாற்றம் முடியும்வரை அதை ஃபார்மேட் செய்யவோ கழித்துக் கட்டவோ விடாதீர்கள்.

கேள்வி: என் கணக்கில் 12 ஜிபி இருக்கிறது. நானே எடுத்துப் போட முடியுமா, கணினி மையத்திடம்தான் விட வேண்டுமா?
– பேராசிரியர், கும்பகோணம்

பதில்: கடிதங்கள் சர்வரில் இருந்தால் கணினி மையத்திடம் விடுவதே நல்லது. ஐமேப்சிங்க் போன்ற கருவி கடிதத்தின் தேதி, படித்தது-படிக்காதது என்ற அடையாளம், ஃபோல்டர் அமைப்பு எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோகும். பாதியில் நின்றால் மறுபடி ஓட்டலாம். போன கடிதம் இரண்டாம் தடவை போகாது. முதலில் நகல் எடுக்காமல் ஒத்திகையாக ஒரு ஓட்டம் விடச் சொல்லுங்கள். எந்த ஃபோல்டர் மக்கர் செய்யும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பவற்றை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். தண்டர்பேர்டில் பழைய கணக்கு இருக்கும்போதே புதுக் கணக்கையும் ஐமேப்பாகச் சேருங்கள். புதுக் கணக்கில் ‘பழையது 2012’, ‘பழையது 2013’ என்று வருடவாரியாக ஃபோல்டர் திறங்கள். பெயரில் சாய்கோடு மட்டும் வேண்டாம். பல சர்வர்கள் அதை உள்-ஃபோல்டருக்கான குறியாக எடுத்துக்கொள்வதால், ‘தேர்வு 2014/15’ என்ற ஃபோல்டர் ‘தேர்வு 2014’ என்றும் அதற்குள் ‘15’ என்றும் உடைந்துவிடும். பிறகு 500 கடிதம்போலத் தேர்ந்தெடுத்து, வலது பொத்தானை அழுத்தி, ‘காப்பி’ கொடுங்கள். ‘மூவ்’ கொடுக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் லைன் அறுந்தாலும், மூல பிரதி கையில் இருக்க வேண்டும்.

அவுட்லுக்கில் இருப்பவர் இதே வேலையை அவுட்லுக்குக்குள்ளேயே செய்ய வேண்டும். அவுட்லுக் கடிதங்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்பைத் தண்டர்பேர்ட் நேரடியாகத் திறக்காது. 2003-க்கு முந்தைய அவுட்லுக்கில் உருவான பிஎஸ்டி 2 ஜிபிக்கு மேல் தாங்காது. அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் கோப்பு இருந்தால், முதலில் அதை பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலிலேயே வேலை செய்யுங்கள்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் 12 ஜிபி ஏறக் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் போதும். நடைமுறையில் நாள் கணக்கில் ஆகும். காரணம், ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வரோடு ஒரு முறை பேசி முடிக்க வேண்டும்; சின்னச் சின்ன ஆயிரம் கடிதம், ஒரே பெரிய கோப்பைவிட மெதுவாகவே போகும். பொது மெயில் கூகுளிடம் இருந்தால் இன்னொரு தடை: ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்றலாம். 12 ஜிபிக்கு 25 நாள் போல ஆகும். அந்த நிலையில் அவர்களே தரும் இடமாற்றக் கருவியை நிர்வாகி வழியாகப் பயன்படுத்துங்கள்.

முடிந்ததும் ஃபோல்டர் ஃபோல்டராக எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் பெரும்பாலும் பெரிய அட்டாச்மென்ட் உள்ள கடிதம்தான் நின்றிருக்கும். மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். 18 எம்பி கோப்பு சுமார் 25 எம்பி ஆகிவிடுகிறது. எல்லாக் கடிதமும் இன்றைய தேதியில் வந்ததாகக் காட்டினால் பதற வேண்டாம். கடிதத்துக்குள் இருக்கும் தேதி மாறவில்லை. வரிசைப்படுத்துவது ‘ரிசீவ்டு’ என்ற தேதியின்படி இருக்கும். ‘டேட்’ என்பதற்கு மாற்றுங்கள்.

முகவரிப் புத்தகம், காலண்டர், ஃபில்டர், கையொப்பம் எதுவும் ஐமேப் வழியாக வராது. தனியே ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். முகவரிகளை சிஎஸ்வி கோப்பாக எடுத்தால் அதை எக்செல்லில் திறந்து அப்படியே சேமிக்கக் கூடாது. தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். முகவரிகளுக்கென்றே உள்ள விகார்டு வடிவில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: 2000-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட தமிழ்க் கடிதங்கள் புது மெயிலில் கிறுக்கலாகத் தெரிகின்றன. இடமாற்றத்தில் கெட்டுவிட்டனவா? பதிப்பு வேலை பற்றிய முக்கியமான கடிதங்கள் அவை.
– தமிழ்த்துறை ஆய்வாளர், திருச்சி

பதில்: பெரும்பாலும் கெடவில்லை. அந்தக் காலத்துக் கடிதங்கள் பல, இன்றைய பொதுக் குறியாக்கமான (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) யூனிகோடில் இல்லை. பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் ஏற்றது. பழைய கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு நிறுவப்பட்டிருந்ததால் தமிழாகத் தெரிந்தது. புது மெயிலைப் பிரவுசரில் பார்க்கிறீர்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லை. உள்ளே இருக்கும் தகவல் மாறவில்லை.

கிறுக்கலை உற்றுப் பாருங்கள், எந்த வகை என்று அதுவே சொல்லிவிடும். ‘தமிழ்’ என்ற சொல் வர வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி நின்றால் அது பாமினி. முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் நாணயக் குறி, சாய்கோடு போட்ட சின்ன யூ என்று நின்றால் திஸ்கி. இவற்றைக் குறியாக்க மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கலாம். என்எச்எம் கன்வர்ட்டர் இதற்கு நன்றாக உதவும். எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு வரியை ஒவ்வொரு வகையாகக் கொடுத்துப் பாருங்கள். சரியானது எதுவோ அதில் மட்டும்தான் சொற்கள் முழுமையாக வரும்.

மூன்றாவது வகை: தலையில் கோடு போட்ட சின்ன ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி மறுபடி மறுபடி வரும். அது யூனிகோடு கடிதமேதான். குறியாக்கத்தின் பெயர் மட்டும் கடிதத்தில் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தண்டர்பேர்டில் அந்தக் கடிதத்தைத் திறந்து, ‘வியூ’ பட்டியலில் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ என்பதை அழுத்தினால் பெரும்பாலும் தமிழ் வந்துவிடும்.

வரி முழுக்க வெறும் கேள்விக்குறிகள் இருந்தால்தான் இழப்பு. போகும் வழியில் ஏதோ ஒரு சர்வரோ மென்பொருளோ எழுத்தை உண்மையிலேயே தொலைத்துவிட்டது. அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழி இல்லை. பழைய கம்ப்யூட்டரில் உள்ள மூலத்தைப் பாருங்கள். அங்கும் கேள்விக்குறி என்றால், அனுப்பியவரின் ‘சென்ட்’ ஃபோல்டரில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மூலக் கடிதத்தைத் திருத்தாதீர்கள். யூனிகோடாக மாற்றியதைத் தனிக் கோப்பாக, அனுப்பியவர் பெயரும் தேதியும் சேர்த்து வையுங்கள். ஒரு சுவடிப் பதிப்பின் பாடபேதம் பற்றி இரண்டு அறிஞர்கள் எழுதிக்கொண்டதற்கு அந்த மெயில் ஒன்றுதான் சான்றாக இருக்கும். மாற்றியில் வடமொழி எழுத்துகளும் தமிழ் எண்களும் சில சமயம் பிசகும்; அப்போது ஒத்துப் பார்க்க மூலம் வேண்டும். கூடவே அந்தப் பழைய எழுத்துருக் கோப்புகளையும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரில் தினமும் காலையில் புது மெயிலைத் திறந்தால் ‘சான்றிதழ் செல்லாது’ என்று எச்சரிக்கை வருகிறது. மற்றவற்றில் வரவில்லை.
– இளநிலை உதவியாளர், மயிலாடுதுறை

பதில்: திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. சுவிட்சை அணைத்தாலோ கரண்ட் போனாலோ கடிகாரம் ஆரம்பத்துக்கே போய்விடுகிறது. அந்தத் தேதியில் புது சர்வரின் சான்றிதழ் பிறக்கவே இல்லை, அதனால் எச்சரிக்கை. சி.ஆர். 2032 பேட்டரி வாங்கி, மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாட்டுங்கள். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

தேதி சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாவிட்டால், விண்டோஸ் 7-இல் அவுட்லுக் 2010 ஓடுகிறதா என்று பாருங்கள். கூகுளும் மைக்ரோசாஃப்டும் கேட்கும் புதிய நுழைவு முறை அதற்குத் தெரியாது. பிரவுசரில் பார்ப்பது, அல்லது கம்ப்யூட்டரையே மாற்றுவது.

கேள்வி: மாறிய மறுநாளிலிருந்து ஜெராக்ஸ் மிஷினின் ‘ஸ்கேன் டு ஈமெயில்’ வேலை செய்யவில்லை.
– கல்லூரி அலுவலகம், நாகப்பட்டினம்

பதில்: பழைய சர்வர் உள் நெட்வொர்க்கில் இருந்ததால் மிஷின் 25-ஆம் போர்ட் வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கும். வெளியே இருக்கும் பொது மெயில் அதை ஏற்காது. மிஷினின் ஐ.பி. முகவரியைப் பிரவுசரில் தட்டி, உள்ளே எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) அமைப்பில் சர்வர் பெயர், 587-ஆம் போர்ட், டிஎல்எஸ் என்ற மறையாக்கம் ‘ஆன்’, ஸ்கேனுக்கென்றே தனியாகத் திறந்த ஒரு முகவரி ஆகியவற்றைக் கொடுங்கள். கூகுள் என்றால் அந்தக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போட வேண்டும். வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. டிஎல்எஸ் 1.2 தெரியாத பழைய மிஷின் என்றால் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பகிர்ந்த ஃபோல்டருக்கோ பென்டிரைவுக்கோ ஸ்கேன் செய்யும்படி மாற்றுங்கள்.

மெயில் அனுப்பும் வேறு பொருட்களையும் இதே கையோடு தேடுங்கள்: துறை இணையதளத்தின் விண்ணப்பப் படிவம், யுபிஎஸ் எச்சரிக்கை, நூலக மென்பொருளின் நினைவூட்டல், வருகைப் பதிவுக் கருவி. இவை நின்றுபோனால் புகார் சொல்ல ஆள் இருக்காது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

கேள்வி: முகவரியின் கடைசிப் பகுதியே மாறுகிறது. வெளியான கட்டுரைகளிலெல்லாம் பழைய முகவரி அச்சாகியிருக்கிறதே?
– முனைவர் பட்ட ஆய்வாளர், திருவாரூர்

பதில்: அச்சானதை மாற்ற முடியாது. எனவே பழைய முகவரிக்கு வருவது புதிய பெட்டியில் விழும்படி ஏலியாஸ் வைக்கச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு வருடம் என்பார்கள். கட்டுரையாளர் முகவரிகளுக்கு அதைவிட நீண்ட காலம் தேவை என்று துறைத்தலைவர் வழியாக வற்புறுத்துங்கள். பழைய டொமைன் பெயரை, அதாவது முகவரியின் அந்தக் கடைசிப் பகுதியை, புதுப்பிக்காமல் விடுவது இன்னும் மோசம். வேறொருவர் அதை எடுத்தால், உங்கள் பழைய முகவரிக்கு வரும் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பெல்லாம் அவர் கைக்குப் போகும்.

பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே, ஆய்வாளர் விவரங்கள் இருக்கும் தளங்களான ஆர்க்கிட், கூகுள் ஸ்காலர், ஸ்கோப்பஸ், இதழ்களின் கட்டுரை சமர்ப்பிப்புத் தளங்கள், உதவித்தொகைத் தளம், வங்கி, ஆதார் என்று ஒவ்வொன்றிலும் முகவரியை மாற்றுங்கள். பல தளங்கள் ‘மாற்றியது நீங்கள்தானா’ என்று பழைய முகவரிக்கே கேட்டு எழுதும். அது மூடிவிட்டால் வாசலில் நிற்க வேண்டியதுதான். எங்கெல்லாம் பதிந்திருக்கிறீர்கள் என்று நினைவில்லையா? பழைய பெட்டியில் ‘பாஸ்வேர்டு’, ‘வெரிஃபை’, ‘வெல்கம்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள், பட்டியல் தானாக வரும். ஆர்க்கிட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி வைக்கலாம். சொந்த முகவரி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். பட்டம் முடிந்து வெளியே போன பிறகும் கணக்கு உங்களிடம் இருக்கும்.

கேள்வி: எதற்கு இரண்டு பெட்டி? எல்லாவற்றையும் என் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் ஆகாதா?
– இணைப் பேராசிரியர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். திருப்பிவிடும்போது கடிதம் உங்கள் பல்கலைக்கழக சர்வரிலிருந்து வருவதாக ஜிமெயில் பார்க்கிறது. ஆனால் அனுப்புநர் முகவரி வேறு நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தின் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் அது தோற்கும். அனுப்பும் சர்வர் போடும் டிகேஐஎம் என்ற மின் கையொப்பம் இல்லாத கடிதம் ஸ்பேமுக்குப் போகும், அல்லது ஏற்கப்படாமல் திரும்பும். இரண்டுமே உங்களுக்குத் தெரியாமல் நடக்கும். அதோடு, அரசுப் பல்கலைக்கழகத்தின் அலுவல் மெயில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருவது. 2005-ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 2(எஃப்) ‘தகவல்’ என்பதில் மின்னஞ்சலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சொந்தக் கணக்கில் கலந்துவிட்டால் நாளை தேடித் தருவது உங்கள் தலையில்தான் விழும். கைப்பேசியில் இரண்டு கணக்கையும் தனித்தனியே சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒரே திரையில் பார்க்கலாம்.

கேள்வி: மாற்றத்துக்கு எந்தத் தேதியைக் குறிப்பது? கடிதம் எதுவும் தவறக் கூடாது.
– துறைக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர், திருச்சி

பதில்: மாணவர் சேர்க்கையும் தேர்வு முடிவும் நடக்கும் மே, ஜூன் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கரண்டும் கேபிளும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்தருகே கஜா புயல் கரையைக் கடந்த பின், பல ஊர்களில் மின்சாரம் வரவே வாரக்கணக்கில் ஆனது. பொங்கல் விடுமுறை முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பிய அடுத்த வாரம் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை மாற்றினால், சனி, ஞாயிறு சரிபார்க்கக் கிடைக்கும்.

உங்கள் கடிதங்கள் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு; அதை மற்ற சர்வர்கள் எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது அதன் டிடிஎல் மதிப்பு. இரண்டு நாள் முன்பே அந்த மதிப்பை 300 நொடிக்குக் குறையுங்கள். 86,400 என்று இருந்தால், மாற்றிய பிறகும் ஒரு நாள் முழுக்கச் சிலர் அனுப்புவது பழைய சர்வருக்கே போகும். எம்எக்ஸை மாற்றும்போதே எஸ்பிஎஃப் பதிவில் புது சர்வரைச் சேர்த்து, டிகேஐஎம் சாவியையும் ஏற்றிவிடுங்கள். எஸ்பிஎஃப்புக்கு ஒரே பதிவுதான் இருக்க வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாது. அதைச் சரிபார்க்க வேறு பதிவுகளைத் தேடுவது பத்துக்கு மேல் போனாலும் செல்லாது. பொது மெயிலில் எல்லாத் துறையும் ஆளுக்கொன்று சேர்ப்பதால் இந்தப் பத்து சீக்கிரம் தாண்டிவிடும்.

பழைய சர்வரை இரண்டு வாரமாவது ஓட விடுங்கள். கடைசியாக ஒரு முறை ஐமேப்சிங்க் ஓட்டி, அதற்குள் அங்கே விழுந்தவற்றை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் சில மணி நேரம் இரண்டு சர்வரும் கிடைக்காமல் போனாலும் கடிதம் அழியாது. ஒழுங்காக அமைத்த சர்வர் நாலைந்து நாள் வரை மறுபடி மறுபடி முயலும். ஆனால் பழைய சர்வர் ஓடிக்கொண்டே ‘இப்படி ஒரு முகவரி இல்லை’ என்று பதில் சொன்னால், அனுப்பியவருக்கு உடனே திரும்பிவிடும், மறுமுயற்சி கிடையாது. அதனால் அங்கே கணக்குகளை அவசரப்பட்டு நீக்காதீர்கள்.

கேள்வி: துறைத்தலைவர் முகவரியின் பாஸ்வேர்டு நாலு பேரிடம் இருக்கிறது. புது மெயில் ஓ.டி.பி. கேட்கிறது, அது ஒருவர் போனுக்குத்தானே போகும்?
– அலுவலக உதவியாளர், மன்னார்குடி

பதில்: அந்த முகவரியைப் பகிர்ந்த பெட்டியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். நாலு பேரும் அவரவர் பாஸ்வேர்டில் நுழைந்து அதைப் பார்க்கலாம், பதில் எழுதலாம். துறைத்தலைவர் சுழற்சி முறையில் மாறும்போது பழையவர் பெயரை எடுத்துப் புதியவரைச் சேர்த்தால் முடிந்தது. கடிதங்கள் துறையிடமே இருக்கும். ஒவ்வொருவரும் போன் தொலைந்தால் நுழைவதற்கான பேக்கப் எண்களை அச்செடுத்து உறையிலிட்டு அலுவலக பீரோவில் வையுங்கள். கூகுளில் அவை எட்டு இலக்கத்தில் பத்து இருக்கும். ஒன்று ஒரு முறைக்குத்தான்.

மாற்றம் நடக்கும் வாரங்களில் ‘உங்கள் மெயில் மாற்றம் முடியவில்லை, இங்கே அழுத்திப் பாஸ்வேர்டு கொடுக்கவும்’ என்று போலிக் கடிதம் வரும். கணினி மையம் பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ மெயிலிலும் போனிலும் கேட்காது. இணைப்பை அழுத்தாமல், புது மெயிலின் முகவரியை நீங்களே பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள். சந்தேகம் என்றால் கணினி மையத்தின் உள் தொலைபேசி எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணைச் சுற்றறிக்கையிலிருந்து எடுங்கள், வந்த மெயிலிலிருந்து எடுக்காதீர்கள்.